அப்பாவுக்குச் சொல்லாத விலாசம்

மார்ச் 5, ஞாயிறு. மதியம் 12 மணி 40 நிமிடம். காசு போட்டது பதினோரு தடவை. ‘ஆம்’ வந்தது பூஜ்யம்.

அம்மாவுக்கு,

நான் நலம். உன் ரத்த அழுத்தம் இந்த வாரம் எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்டு எழுதச் சொல்.

நீ சொன்னபடி அப்பாவின் நினைவு நாளைச் செய்துவிட்டேன். சோறு, பொரித்த கானாங்கெளுத்தி, மூங்கில் குருத்து, கோழி சூப், மூன்று சின்னக் கிண்ணங்களில் அரிசி மது. பத்தியைப் பிடித்துக் கும்பிட்டேன். “அப்பா, சாப்பிட்டு முடிச்சாச்சா?” என்று கேட்டு இரண்டு பத்து டாலர் காசுகளைத் தரையில் போட்டேன். ஒன்று தலை, ஒன்று பூ என்றால் ‘ஆம்’. இரண்டும் தலையாக விழுந்தது ஆறு தடவை. இரண்டும் பூவாக விழுந்தது ஐந்து தடவை. கலந்து ஒரு தடவைகூட விழவில்லை.

இப்படி நடக்க இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் ஒரு வாய்ப்பு. நடக்கக்கூடாதது ஒன்றும் இல்லை, நடந்திருக்கிறது, அவ்வளவுதான். தரை சாய்வாக இருக்கலாம். பன்னிரண்டாவது தடவை போடவில்லை. சோறு ஆறிவிட்டது, நானே சாப்பிட்டேன். முதல் தடவையே ‘ஆம்’ என்று எழுதியிருக்கலாம். அளந்ததை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டு ரிப்பேர் நடக்கிறது. செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் யூலி ஊர் முழுக்க விரிசல், கொத்தனார் கிடைப்பதில்லை. பொறுத்துக்கொள். போனில் கத்திக் கத்தி உனக்குக் கேட்காமல் போவதைவிடக் கடிதமே தேவலை. வாசித்துக் காட்டும் பிக்குணிக்கு என் வணக்கம். மாத்திரையை விடாதே.

ஆ-யென்


தைதுங்
மார்ச் 14

திரு. சியாவ் போ-யென் அவர்களுக்கு,

உங்கள் அம்மா இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் வருகிற பிக்குணி ஜிங்-யூ எழுதுவது. நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். அம்மாவின் ரத்த அழுத்தம் 138க்கு 82. உங்கள் கடிதத்தை அவருடைய வலது காதருகே இரண்டு தடவை வாசித்தேன். இனி வருவது அவர் சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு சொல்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவு.

“ஆ-யென், நல்லா இருக்கியா? வேளாவேளைக்குச் சாப்பிடறியா? பதினோரு தடவையா! உயிரோட இருந்தப்போ மூணாவது தடவை கூப்பிட்டா வந்து உக்காந்துடுவாரே உங்கப்பா. ரெண்டும் தலைன்னா சிரிக்கறாருன்னு அர்த்தம், தெரியுமில்ல? கேள்வி புரியலன்னா சிரிப்பாங்க. உன் பேரு, பொறந்த தேதி, விலாசம் எல்லாம் சத்தமா சொன்னியா, இல்ல முணுமுணுத்தியா? காசு எதுக்குப் போட்ட? அதுக்குன்னே இருக்கற மரக்கட்டை ரெண்டும் பூஜை மேசைக்குக் கீழ வலது டிராயர்ல, சிவப்புத் துணியில சுத்தி இருக்கே. பத்தி எவ்வளவு எரிஞ்சப்புறம் போட்ட? பாதியாவது எரியணும்டா. அவருக்குப் பல்லு இல்ல, மெதுவாத்தான் சாப்பிடுவாரு.

பக்கத்துக் கட்டில் பனாய் அக்கா சொல்றா, ‘எங்க கர்த்தருக்கு விலாசமே வேண்டாம், எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவாரு’ன்னு. நான் சொன்னேன், ‘உங்க கர்த்தர் பெரிய ஆளு. என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறைக்குப் போனாலே திரும்பி வர வழி தெரியாம நிப்பாரு.’ சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு இருமலே வந்துடுச்சு.

வாசல்ல பம்பளிமாஸ் பூத்துடுச்சா? மார்ச்னா பூத்திருக்கணும். இங்க ஜன்னலத் தொறந்தா சோப்புத்தூள் வாசனைதான் வருது. அடுத்த மாசம் முன்னோரக் கும்பிடற கல்லறை நாளுக்காவது என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு வாரம்னு சொல்லி விட்டுட்டுப் போன. ஆறு மாசம் ஆகப்போகுது.”

இனி என் வரிகள். உங்கள் கடிதம் வந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா மதியச் சோற்றில் பாதியை மூடி வைத்துவிடுகிறார். “அவரு சாப்பிடல, எனக்கு எப்படி இறங்கும்?” என்கிறார். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஜிங்-யூ


சின்சூ
மார்ச் 20

பிக்குணி ஜிங்-யூ அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நிலை எனக்குத் தெரியாது, நன்றாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இதை உங்கள் மடத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

யூலியில் வீடு இல்லை. நிலநடுக்கத்தன்று முன் தூண் இரண்டும் உடைந்தன. குடியிருக்கத் தகாதது என்று மறுநாள் சிவப்பு அறிவிப்பு ஒட்டினார்கள். உள்ளே போக எட்டு நிமிடம் கொடுத்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு போய் அம்மாவின் மாத்திரைகள், வீட்டுப் பத்திரங்கள், பூஜை மேசையில் அப்பாவாக வைத்துக் கும்பிடும் பெயர்ப் பலகை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன். நவம்பர் 9, காலை எட்டரைக்கு இடிக்கும் இயந்திரம் வந்தது. பதினொன்று இருபதுக்குத் தரைமட்டம். லாரி திரும்ப இடமில்லை என்று மரத்தையும் வெட்டினார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. முதலில் நிலநடுக்கத்தில் பட்ட இடுப்பு அடி ஆறட்டும் என்று நினைத்தேன். பிறகு புத்தாண்டு போகட்டும் என்று நினைத்தேன். பிறகு சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது.

பலகை சின்சூவில், கம்பெனி விடுதியில், என் அலமாரிமேல் அரிசிக் குக்கர் பெட்டிக்குள் இருக்கிறது. நினைவு நாளன்று வெளியே எடுத்தேன். மீனும் மூங்கில் குருத்தும் இருபத்து நான்கு மணி நேரக் கடையில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டி. பத்தியைப் பற்றவைக்கவில்லை. என் தலைக்கு நேர் மேலே ஸ்மோக் டிடெக்டர். அதைப் பொருத்துவதும் சோதிப்பதும்தான் என் பிழைப்பு. அறையில் எதையும் கொளுத்த மாட்டேன் என்று இந்த விடுதியில் இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கியவனே நான்தான். யூலி விலாசத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவருக்குத் தெரிந்த விலாசம் அதுதானே.

கேட்பது ஒன்றுதான். நான் மறுபடி காசு போட்டேன், ‘ஆம்’ வந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு வாக்கியம். சாப்பிட்டுவிடுவாள்.

இன்னொன்று. இல்லத்தின் அறிமுகத் தாளில் உங்கள் பெயருக்கு எதிரே ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்று போட்டிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது என்ன வேலை? விளக்கு எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வேலை முடிந்தது. உங்கள் வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

போ-யென்


தைதுங்
மார்ச் 28

திரு. போ-யென் அவர்களுக்கு,

எனக்கு இடது முழங்கால் வலி. மற்றபடி நலம். நீங்கள் விசாரித்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

என் வேலை பற்றிக் கேட்டீர்கள். இன்று பதினான்கு பேரைப் பார்த்தேன். பனாய் அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. அவருடைய ஞானப்பாட்டுப் புத்தகத்தை நான் பிடித்துக்கொண்டு வரி வரியாகச் சொல்வேன், அவர் பாடுவார். மொட்டைத் தலையோடு நான் கர்த்தரைத் துதிப்பதைப் பார்த்துச் சமையல்காரம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன பிக்குணியம்மா, கட்சி மாறிட்டீங்களா?” என்றார். கடைசி அறையில் ஒரு பெரியவர் பேசுவதே இல்லை. அவர் பார்க்கும் சுவரை நானும் இருபது நிமிடம் பார்த்தேன். எழுந்தபோது என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருந்தேன். வேலை முடிந்ததா என்று எனக்கும் தெரியாது.

நீங்கள் சொன்ன வாக்கியத்தை நான் சொல்ல மாட்டேன். நீங்கள் மறைத்ததையும் என் வாயால் உடைக்க மாட்டேன். அவர் என்னைக் கேட்டால், உங்கள் மகனைக் கேளுங்கள் என்பேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வாருங்கள். சனி, ஞாயிறு பார்வை நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஞாயிறுதோறும் உங்கள் அம்மா தலை வாரி, வெளியே போகிற செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்காருகிறார் என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். ஏன் அங்கே என்று கேட்டால், “இங்கதான் காத்து நல்லா வருது” என்கிறாராம். அந்த இடத்தில் ஜன்னலே இல்லை.

ஜிங்-யூ


ஏப்ரல் 6

அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கல்லறை நாளுக்கு உன்னைக் கூட்டிப் போக முடியவில்லை. விடுமுறைக் கூட்டம், உனக்கு உட்கார்ந்து வர டிக்கெட் கிடைக்கவில்லை. நான் மட்டும் யூலி போனேன். குன்றின் மேல் அப்பாவின் அஸ்திக் கலசத்தைத் துடைத்தேன். பிறகு வீட்டில் சோறு வைத்து மறுபடி கேட்டேன். பத்தி பாதி எரிந்த பிறகுதான் போட்டேன். முதல் தடவையிலேயே ‘ஆம்’. ஆகவே நீ சாப்பிடலாம்.

டிராயர் இறுகிக்கொண்டு திறக்கவில்லை, அதனால்தான் காசு. மரம் பூத்திருக்கிறது. வாசனை ரயில்வே கேட் வரை வருகிறது.

சாப்பிடு.

ஆ-யென்


தைதுங்
ஏப்ரல் 18

திரு. போ-யென் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிறேன். அம்மா சொன்னது:

“ஆ-யென், நல்லா இருக்கியா? அங்க குளிர் விட்டுடுச்சா? முதல் தடவையே ஆமான்னுட்டாரா. சரி. பாதிப் பத்தி எரிஞ்சப்புறம். சரி.

ஈஸ்டருக்குப் பனாய் அக்காவப் பாக்க அவங்க சபைக்காரங்க யூலியிலேர்ந்து ஒரு வேன் நெறைய வந்தாங்க. எல்லாருக்கும் சாயம் போட்ட முட்டை கொடுத்தாங்க, எனக்கும் ஒண்ணு. நல்ல ஜனங்க. ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம்.

மரம் பூத்துருக்குன்னு எழுதின. சமையக்கட்டுப் பக்கம் அதிகமா, தெருப் பக்கம் அதிகமா? பாத்து எழுது.

நான் சாப்பிடறேன்.”

வழக்கமாக அவருக்கு ஒரு தாள் போதாது. இன்று இவ்வளவுதான் சொன்னார். சாப்பிடுகிறேன் என்று எழுதச் சொன்னார், எழுதினேன். எடை பிப்ரவரியில் 47 கிலோ, இன்று காலை நாற்பத்து மூன்றரை.

ஜிங்-யூ


சின்சூ
ஏப்ரல் 24

பிக்குணி ஜிங்-யூ அவர்களுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது?

மூன்றரைக் கிலோ குறையும்வரை அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சத்து பானம் கொடுக்கிறார்களா? மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டிவருமா? டாக்டரிடம் கேட்டு எனக்கு நேரடியாகப் பதில் வேண்டும். ‘ஆம்’ வந்துவிட்டது என்று நானே எழுதிவிட்டேன். பிறகும் ஏன் சாப்பிடவில்லை?

மரம் எந்தப் பக்கம் அதிகமாகப் பூத்திருக்கிறது என்று கேட்கிறாள். மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். சமையற்கட்டுப் பக்கம் என்று எழுதினேன். கிழித்தேன். தெருப் பக்கம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன்.

வாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியாக நான் அங்கே வந்தது அக்டோபரில். வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வேலை எப்போதும் இருப்பதுதான். தாளில் பொய் எழுத வருகிறது. எதிரே உட்கார்ந்து அவள் “வீடு எப்படிடா இருக்கு?” என்று கேட்டால் என்னால் முடியாது. ஊருக்கே விபத்து ஒத்திகை நடத்துகிறவன் நான். இதற்கு ஒத்திகை இல்லை.

போ-யென்


தைதுங்
மே 5

திரு. போ-யென் அவர்களுக்கு,

முழங்கால் பரவாயில்லை. இந்தத் தடவை நீங்களே கேட்டதற்கு நன்றி.

டாக்டர் பார்த்தார். விழுங்குவதில் கோளாறு இல்லை, குழாய் வேண்டாம் என்றார். சத்து பானம் காலையும் மாலையும் கொடுக்கிறார்கள், பாதி குடிக்கிறார்.

வெள்ளிக்கிழமை அவருடைய கட்டிலருகே சும்மா உட்கார்ந்திருந்தேன். “தாளும் பேனாவும் வேணும்” என்றார். சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன். “இத நீங்க எழுதக் கூடாது” என்றார். நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, கை நடுக்கம் வேறு. ஒரு நாளைக்கு நாலைந்து வரி எழுதிவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. பனாய் அவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. அவர் இரண்டு நாளாகப் பாடவில்லை.

காத்திருங்கள்.

ஜிங்-யூ


மே 15

ஆ-யென்,

இது நானே எழுதறது. எழுத்து கோணலா இருந்தா நீயே நேராக்கிப் படிச்சுக்கோ. உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க?

மரம் இல்ல. வீடும் இல்ல.

பனாய் அக்காவோட சபை வேன் ஓட்டிட்டு வந்தவரு ரயில்வே கேட்டுக்குப் பின்னால குடியிருக்காராம். பம்பளிமாஸ் மரம் வச்ச வீடு தெரியுமான்னு கேட்டேன். அங்க இப்ப யாரோ சக்கரவள்ளி போட்டிருக்காங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறமும் உன்கிட்ட மரத்தப் பத்திக் கேட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ பதிலே போடல. பொய் தீந்துபோச்சாக்கும்.

அதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம்தான். பாதிப் பத்தி எரியற வரைக்கும் நின்னேன்னு எழுதின. பொறந்ததுலேர்ந்து நீ எதுக்கும் அவ்வளவு நேரம் நின்னதில்ல.

வீட்டுக்காக ரெண்டு நாள் அழுதேன். பனாய் அக்கா அவ போர்வையையும் எனக்குப் போத்திவிட்டா. அப்புறம் அழுகை நின்னுடுச்சு. எத்தனை தடவை ஆடின வீடு அது. போகட்டும்.

ஆனா உங்கப்பா? அவர எங்க வச்சிருக்க? “அப்பா, வீடு இடிஞ்சுபோச்சு, உங்கள இங்க கொண்டுவந்திருக்கேன், விலாசம் இது”ன்னு ஒரு வார்த்தை சொன்னியா? சொல்லியிருக்க மாட்ட. யூலி விலாசத்தச் சொல்லிக் கூப்பிட்டு, சோத்த வேற எங்கயோ வச்சிருப்ப. அந்த மனுஷன் அங்க சக்கரவள்ளிக் கொடிக்கு நடுவுல நிக்கறாரு. நூறு தடவை காசு போட்டாலும் எப்படிடா வருவாரு?

என்னையும் அப்படித்தான் கொண்டுவந்த. ஒரு வார்த்தை சொல்லாம.

நானும் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இங்க வந்த முதல் நாள் ராத்திரி அவர்கிட்ட சொன்னேன், “நான் கொஞ்ச நாள் இங்க இருப்பேன், நீங்க எங்கயும் போயிடாதீங்க, வீட்டப் பாத்துக்குங்க, வந்துடறேன்”னு. நான் சொன்னா அப்படியே கேக்கற ஆளு. இல்லாத வீட்டுக்குக் காவல் காத்துக்கிட்டு நிக்கறாரு. சோறு கண்ணுக்கு முன்னால வந்தா அதுதான் நெனப்பு வருது. அதான் இறங்கல. உன் மேல கோவத்துல இல்ல. கோவமும் இருக்கு.

இங்கேர்ந்து கூப்பிட்டுப் பாத்தேன். இங்க பத்தி ஏத்த விட மாட்டாங்க, நடைக் கோடியில சிவப்பு பல்பு போட்ட சாமி மேசைதான். பல்புக்கு வாசனை கெடையாது. அவருக்கு எங்க தெரியப்போகுது?

நீ போய்ச் சொல்லு. சொல்லிக் கூட்டிட்டு வா. வழியில பாலம் வந்தாலும் ரயில் போற குகை வந்தாலும், “அப்பா பாலம் வருது, அப்பா குகை வருது, கூடவே வாங்க”ன்னு சொல்லிக்கிட்டே வா. இல்லன்னா அங்கயே நின்னுடுவாரு.

ரிப்பேர்னு இனிமே எழுதாத. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


சின்சூ
மே 19

அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. இன்று அதை எழுதவில்லை.

நீ எழுதியது எல்லாம் சரி. வீடு நவம்பர் 9 அன்று போய்விட்டது. கையெழுத்துப் போட்டவன் நான். வேறு வழியில்லை என்று பொறியாளர் மூன்று பேர் சொன்னார்கள். அது உண்மைதான். உன்னிடம் சொல்லாமல் போட்டதற்கு யாரும் காரணமில்லை, நான்தான். முதல் தடவையே ‘ஆம்’ வந்தது என்று எழுதியதும் பொய். அன்று காசே போடவில்லை.

ஏப்ரல் 5 அன்று யூலிக்குப் போனது பொய்யில்லை. கலசத்தைத் துடைத்துவிட்டு நம் இடத்துக்குப் போனேன். சக்கரவள்ளிக் கொடி முழங்கால் வரை ஏறியிருந்தது. வேலி கிடையாது, ஆனால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. உன்னிடம் வர இன்னும் ஒரு மணி நேரப் பயணம்தான். ஸ்டேஷனில் தெற்கே போகும் ரயில் முதலில் வந்தது. அதன் கதவு மூடும்வரை நடைமேடையில் நின்றேன். பிறகு வடக்கே போகும் ரயிலில் ஏறினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்பாவின் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். “அப்பா, இது சின்சூ. கம்பெனி விடுதி, ஏழாவது மாடி. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி, “யார்கிட்டடா பேசிட்டிருக்க?” என்றான். “எங்கப்பாகிட்ட” என்றேன். அவன் போய், இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

இந்தக் கடிதம் உனக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடும். அதுவரை இரண்டு வேளையாவது சாப்பிடு. பனாய் அக்காவுக்கு நன்றி சொல். பிக்குணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். கீழே இருப்பது நான் செய்யப்போவது.

ஆ-யென்

1. மே 27, சனி: முதல் ரயிலில் கிளம்புவது. விடுப்புத் தாளில் காரணம் ‘வீடு மாற்றம்’ என்று எழுதினேன். “யாரோட வீடு?” என்று மேலாளர் கேட்டார். “அப்பா அம்மாவோடது” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2. யூலியில் அந்தச் சக்கரவள்ளிக்காரரைத் தேடிப் பிடித்து, உள்ளே போகலாமா என்று கேட்பது. கேட்காமல் யாருடைய இடத்திலும் இனி எதையும் செய்வதாக இல்லை.

3. அங்கே பத்தி ஏற்றி அப்பாவிடம் சொல்வது: வீடு இடிந்துவிட்டது, இடிக்கச் சொன்னவன் நான், அம்மா வருவதாகச் சொன்னது பொய்யில்லை, அம்மாவை வரவிடாமல் வைத்திருந்தவனும் நான், இனி நீங்கள் காவல் நிற்க வேண்டாம். பத்தி முழுசாக எரியும்வரை அங்கேயே நிற்பது.

4. பலகையை மேல் தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு தெற்கே போகும் ரயிலில் ஏறுவது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு குகைக்கும் வாய்விட்டுச் சொல்வது. பெட்டியில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

5. இல்லத்தின் நிர்வாகியோடு போனில் பேசிவிட்டேன். துணி காயப்போடும் மொட்டை மாடியை மாலை மூன்றிலிருந்து நான்கு வரை தருகிறார். மேலே டிடெக்டர் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்பேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுப்பேன். உன்னைச் சக்கர நாற்காலியில் மேலே கொண்டுபோவதும் என் வேலை.

6. அங்கே உன் முன்னால் அப்பாவிடம் விலாசத்தைச் சொல்வது: தெருப் பெயர், கதவு எண், மாடி, அறை, ஜன்னல் பக்கத்துக் கட்டில். கொஞ்ச நாளைக்கு என்று சொல்ல மாட்டேன்.

7. அவர் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடுவது. மீனுக்கு நான் முள் எடுத்துத் தருகிறேன்.

8. பார்வை நேரம் முடியும்வரை உன் எதிரே உட்கார்ந்து, நீ என்ன கேட்டாலும் பதில் சொல்வது. இருப்பதிலேயே கஷ்டமானது இதுதான், அதனால் கடைசியில் எழுதினேன்.